பூச்சி முந்தி, எதிரி பிந்தி

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, குன்னம் பக்கத்திலிருந்து அக்கா மகன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மாமா, நம்ம காட்டு மக்காச்சோளத்துல புழு வெறச்சுப் போயி செத்துக் கெடக்கு. மேல பச்சை மாவு தூவுன மாதிரி இருக்கு. நான் இந்தத் தடவை மருந்தே அடிக்கல. இது என்ன மாமா?"

வாட்ஸ்அப்பில் படமும் அனுப்பினான். குருத்துக்குள் விறைத்து நிற்கும் புழு, உடம்பெங்கும் வெளிர்பச்சைப் பொடி. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அதை அவனுக்குச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அந்தப் பேச்சைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நூற்றைம்பது வருஷத்துக் கதை. பிரான்ஸில் தொடங்கி நம் பெரம்பலூர்க் கரிசலில் வந்து நிற்கிறது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பூர்வோத்தரம் தெரியும். காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சு வழியில் படித்து, அப்பா காலமானதும் அம்மாவின் ஊரான அரியலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தவன். தேர்வாணையத் தேர்வெழுதி எழுத்தரானேன். உத்தியோகம் முழுக்க இந்த வட்டாரத்திலேயே ஓடியது. நான் நாற்காலியில் அப்படியே இருக்க, மாவட்டம்தான் மாறிக்கொண்டிருந்தது. முதலில் திருச்சி, 1995-ல் பெரம்பலூர், 2001-ல் அரியலூர், 2002-ல் மறுபடி பெரம்பலூர், 2007 நவம்பரில் மறுபடி அரியலூர். ரப்பர் முத்திரை மாற்றியே கை ஓய்ந்தது.

காரைக்கால் பள்ளியில் ஒரு நாள் எங்கள் முசியே கரும்பலகையில் ஒரு திராட்சைக் கொடியின் வேரை வரைந்து, அதன்மேல் சுண்ணாம்புக்கட்டியால் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்தார். "ஃபிலோக்ஸெரா" என்றார். நாங்கள் யாரும் திராட்சைத் தோட்டத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர் சிரித்துவிட்டு, "பேன். உங்கள் தலையில் இருப்பதுபோல வேரில் இருக்கும் பேன்" என்று தமிழில் சொன்னார்.

கதை இதுதான். 1863 வாக்கில் பிரான்ஸின் தெற்கே ரோன் ஆற்றுப் பக்கம் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் காய ஆரம்பித்தன. பட்டுப்போன கொடியைத் தோண்டிப் பார்த்தால் வேர் அழுகியிருக்கும், பூச்சி எதுவும் இருக்காது. 1868 ஜூலையில் மோன்பெலியே நகரத்துத் தாவரவியல் பேராசிரியர் பிளான்ஷோனும் உடன் போனவர்களும், பார்வைக்கு நன்றாக இருந்த ஒரு கொடியைப் பிடுங்கிப் பார்த்தார்கள். அதன் வேர் முழுக்க மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாகப் பூச்சி, சாற்றை உறிஞ்சிக்கொண்டு இருந்தது. செத்த வேரில் சாறு இல்லை, அதனால் பூச்சியும் இல்லை. அது எப்போதோ பக்கத்துக் கொடிக்குப் போய்விட்டிருந்தது.

பிளான்ஷோனுக்கு உதவியவர்களில் ஒருவர் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் பூச்சியியலாளர் ரைலி. அந்தப் பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதை உறுதிசெய்தவர்களில் அவர் முக்கியமானவர். அமெரிக்கத் திராட்சை வேர்கள் அந்தப் பூச்சியோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியவை, கடித்தாலும் தாங்கும். பிரெஞ்சு வேருக்கு அது புதுசு, தாங்கவில்லை. பரிகாரம் கண்டுபிடிப்பவருக்கு 3 லட்சம் பிராங்க் பரிசென்று அரசாங்கம் அறிவித்தது. மண்ணுக்குள் கந்தகம் கலந்த விஷத் திரவத்தை ஊசி போல் ஏற்றிப் பார்த்தார்கள். வயலைத் தண்ணீரில் மூழ்கடித்தார்கள். கடைசியில் கைகொடுத்தது அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டும் முறைதான். பூச்சி எந்த ஊரிலிருந்து வந்ததோ, மருந்தும் அந்த ஊரிலிருந்தே வந்தது. இடைப்பட்ட காலத்தில் குடும்பங்கள் நிலத்தை விட்டு அல்ஜீரியாவுக்குக் கப்பல் ஏறின.

பரீட்சைக்காக இதை மனப்பாடம் செய்தேன். இது என் காலத்திலேயே, என் குடும்பத்துக் காட்டிலேயே நடக்கும் என்று அப்போது தெரியாது.

பெரம்பலூர் என்றால் ஒரு காலத்தில் பருத்தி. வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பருத்தியின் பெரிய சத்துரு காய்ப்புழு. 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு, ஆரம்ப ஆண்டுகளில் காய்ப்புழுவுக்கு அடிக்கும் மருந்து குறைந்தது. ஆனால் பி.டி. என்பது இலையையும் காயையும் தின்கிற புழுவைத்தான் தடுக்கும். சாறு உறிஞ்சும் பூச்சியை ஒன்றும் செய்யாது. காய்ப்புழுவுக்கு அடித்த மருந்தில் கூடவே செத்துக்கொண்டிருந்த பூச்சிகள் இப்போது தலையெடுத்தன. அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ வரிசையில் புதிதாக ஒன்று சேர்ந்தது, மாவுப்பூச்சி. கள்ளிப்பூச்சி என்றும் சொல்வார்கள். அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட அது, 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குஜராத்திலும் பாகிஸ்தானின் சிந்துப் பகுதியிலும் பருத்தியைப் பிடித்து, பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது.

மாவுப்பூச்சி தனியாள் அல்ல, அதற்குக் காவல் உண்டு. அது உறிஞ்சிய சாற்றில் மிச்சமாகும் இனிப்பைப் பின்பக்கமாக விடும். அதை நக்க எறும்பு வரும். வந்த எறும்பு, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டும். மேலே மெழுகுப் போர்வை இருப்பதால் மருந்தும் எளிதில் ஒட்டாது. அதனால் மேலும் கடுமையான மருந்து, மேலும் அதிக டேங்க்.

2008 வாக்கில், கொசுவைவிடச் சிறிய ஒரு குளவி வட இந்தியப் பருத்தி வயல்களில் தென்பட்டது. ஏனேசியஸ் என்று பெயர். யாரும் கொண்டுவந்து விடவில்லை, பூச்சியைத் தேடித் தானாகவே வந்து சேர்ந்திருந்தது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். அதன் குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளியே வரும். அந்தக் குளவி பரவிய இடமெல்லாம் பருத்தி மாவுப்பூச்சி அடங்கியது.

அதே 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும், வீட்டுக் கொல்லைப் பப்பாளி மரம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துப் போனது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எதையும் விடவில்லை. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சியியல் நிறுவனம் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்து, பெருக்கி, தமிழ்நாட்டில் விட்டது. ஓராண்டு போல ஆவதற்குள் பூச்சி அடங்கிவிட்டது. பின்னால் 2020-ல் மரவள்ளிக்கு வேறொரு மாவுப்பூச்சி வந்தபோதும் இதே வழிதான். ஆப்பிரிக்காவை ஒரு காலத்தில் காப்பாற்றிய குளவியை பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்து, 2022-ல் நமக்குப் பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் விட்டார்கள்.

மூன்று கதைக்கும் ஒரே அச்சு. பயிர் எப்போதோ அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் பூச்சி வெகுகாலம் கழித்து வந்தது. பூச்சியின் எதிரி அதற்கும் பின்னால் வந்தது. பூச்சி வந்த நாளுக்கும் எதிரி வந்த நாளுக்கும் நடுவில் இருக்கும் காலத்தில் விவசாயியின் கையில் இருப்பது மருந்துக் குப்பி மட்டும்தான். ஆள் போவது அந்த இடைவெளியில்தான். 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் நச்சேறி இறந்தார்கள். அதே ஆண்டில் நம் பெரம்பலூர் மாவட்டத்திலிருந்தும் அப்படிச் சாவுச் செய்தி வந்தது. ஆள் உயரப் பருத்திக்குள் நின்று, முகத்துக்கு நேரே மருந்தை அடித்தால் வேறென்ன ஆகும்?

பருத்தி கசந்துபோனவர்கள் மக்காச்சோளத்துக்கு மாறினார்கள். களை ஒரு தடவை, உரம் இரண்டு தடவை. நாமக்கல் கோழித்தீவன ஆலைகள் இருப்பதால் விற்பனைக்கும் கவலையில்லை. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசைக்கு வந்தது. என் அக்கா மகனும் மாறினான். சொந்த நிலம் இரண்டு ஏக்கர், குத்தகை இரண்டு ஏக்கர். "மாமா, இதுக்கு மருந்துச் செலவே இல்ல" என்று பெருமையாகச் சொல்வான். அது உண்மையும்தான். தண்டுத் துளைப்பான் கொஞ்சம், குஞ்சம் விடும் சமயத்தில் அசுவினி கொஞ்சம், அவ்வளவே. அசுவினியைப் பொறிவண்டு தின்றுவிடும்.

இங்கே என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய மொழி மறந்துவிடக்கூடாதென்று இரவில் பிரெஞ்சு வானொலி கேட்கும் பழக்கம் எனக்கு உண்டு. 2017-ல் ஒரு நாள் மேற்கு ஆப்பிரிக்காவைப் பற்றிய நிகழ்ச்சி. தோகோ, பெனின் நாட்டு விவசாயிகள் பேசினார்கள். அமெரிக்காவிலிருந்து ஒரு புழு வந்து மக்காச்சோளத்தை அழிக்கிறது, 2016-ல் வந்தது, அதற்குள் நாடு நாடாகத் தாண்டிவிட்டது என்றார்கள். பிரெஞ்சில் அதற்குப் படைவீரன் என்று பொருள்படும் 'லெஜியோனேர்' என்ற பெயர். நல்ல பெயர் என்று நினைத்தேன். அணைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். நம் காட்டிலும் மக்காச்சோளம்தானே நிற்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

2018 மே மாதம் அந்தப் புழு கர்நாடகத்தின் சிவமொக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஜூலை இறுதியில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது. ஐப்பசிக்குள் பெரம்பலூர், அரியலூர் மானாவாரிக் காடுகளுக்குள் வந்துவிட்டது. தமிழில் படைப்புழு. அதன் லத்தீன் பெயரின் பிற்பாதியில் 'பெர்தா' என்று வரும். பிரெஞ்சில் 'பெர்த்யூ' என்றால் தொலைந்தது. பயிர் தொலைந்தது என்று பெயரிலேயே எழுதியிருக்கிறது.

அதன் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் ஏன் மருந்து தோற்றது என்று புரியும். அந்துப்பூச்சி இரவில் பறக்கும், ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை போகும். இலையில் நூறு, இருநூறு முட்டையாகக் குவித்து, தன் உடம்பு மயிரால் மூடி வைக்கும். இரண்டு மூன்று நாளில் பொரியும். குஞ்சுப் புழு இலையின் பச்சையைச் சுரண்டும், இலையில் வெள்ளைச் சன்னல் போலத் தெரியும். பிறகு நூல் விட்டுக் காற்றில் மிதந்து பக்கத்துப் பயிருக்குப் போகும். வளர்ந்ததும் குருத்துக்குள் இறங்கி, தன் எச்சத்தாலேயே மரத்தூள் போல மேலே அடைத்துக்கொள்ளும். ஒரு குருத்தில் இரண்டு பெரிய புழு இருந்தால் ஒன்றையொன்று தின்னும், அதனால் பெரும்பாலும் குருத்துக்கு ஒன்றுதான் மிஞ்சும். தலையில் தலைகீழ் 'ஒய்' எழுத்து, வாலருகே சதுரமாக நாலு புள்ளி. கடைசியில் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். வெயில் காலத்தில் ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம் போதும்.

இலைமேல் அடிக்கும் மருந்து அடைத்த குருத்துக்குள் போகாது. வெளியே நடமாடும் சிலந்தியும் பொறிவண்டும் குளவியும்தான் சாகும்.

இது எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது. தீபாவளி முடிந்த மறுவாரம், கஜா புயல் வந்த அதே மாதம், அக்கா மகன் அழாத குறையாகப் பேசினான். இரண்டு தடவை அடித்துவிட்டானாம், புழு அப்படியே இருக்கிறதாம். நகையை வைத்து உரம் போட்டிருந்தான். நான் சொன்ன வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "மாப்ளே, எது நல்ல மருந்துன்னு சொல்றாங்களோ அதை வாங்கி அடி. காசு நான் அனுப்புறேன்."

அனுப்பினேன். கடையில் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கலந்து அடிக்கச் சொல்லிக் கொடுத்தார்களாம். பயிர் தோளுயரம். முகத்தில் துண்டு கட்டவில்லை, சட்டை நனைந்ததைக் கவனிக்கவில்லை, ஆறாவது டேங்க் அடிக்கும்போது கண் மங்கியிருக்கிறது. வாய்க்காலோரம் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தவனைப் பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்து, இருசக்கர வண்டியில் நடுவில் உட்காரவைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வேர்த்து ஊற்றியது, எச்சில் ஒழுகியது, மூச்சு முட்டியது. ஊசி மேல் ஊசி போட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டவில்லை. "தம்பி, புழு தின்னா தின்னுட்டுப் போவட்டும்" என்று மட்டும் சொன்னாள். மூன்றாம் நாள் அவன் எழுந்து உட்கார்ந்தான்.

அந்த வருஷம் ஏக்கருக்கு இருபது மூட்டை கண்ட காட்டில் ஏக்கருக்கு ஐந்து மூட்டைகூடத் தேறவில்லை. அரசு நிவாரணம் அறிவித்தது, மாநிலம் முழுவதற்கும் 186 கோடி ரூபாய்க்கு மேல். அந்த மாதத்தில் என் திண்ணை மறுபடி அலுவலகமானது. சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகல் என்று ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். குத்தகை நிலத்துக்கு அடங்கலில் பெயர் நிலக்காரருடையது. உழுதவனுக்கு ஒன்றுமில்லை. முப்பது வருஷம் அடங்கலைப் பார்த்தவன் நான். அதன் ஓட்டை எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த பட்டத்திலிருந்து அக்கா தன் வழிக்கு வந்தாள். காலையில் வரப்போரம் நடந்து முட்டைக் குவியலை இலையோடு கிள்ளி நசுக்குவாள். குருத்தில் புழுவைக் கண்டால் மணலும் சாம்பலும் கலந்து ஒரு சிட்டிகை போடுவாள். மத்திய அமெரிக்காவிலும் ஏழை விவசாயிகள் இதையேதான் செய்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். வேளாண் துறையார் சொன்னபடி விதைநேர்த்தி செய்தார்கள், கடைசி உழவில் வேப்பம்பிண்ணாக்கு போட்டார்கள், வரப்பில் தட்டைப்பயறும் எள்ளும் ஊன்றினார்கள். அதில் குளவியும் பொறிவண்டும் தங்கும். கட்டாயம் என்றால் மட்டும், பயிர் சிறிதாக இருக்கும்போதே, சொன்ன அளவில் ஒரு தடவை மருந்து. அதுவும் முகத்தில் துணி கட்டி, காற்றுக்கு முதுகு காட்டி.

புழு போய்விடவில்லை. ஆனால் பங்குக்கு மட்டும் தின்கிறது.

இப்போது அந்தப் பச்சைப் பொடிக்கு வருகிறேன். அது ஒரு பூஞ்சை. மழைக்காலத்து ஈரத்தில் புழுவின் தோலில் ஒட்டி, உள்ளே இறங்கி, கொன்று, முதலில் வெள்ளையாக மூடி, பிறகு பச்சை விதைத்தூளாக வெடித்துக் காற்றில் பரவும். இதை யாரும் கப்பலில் கொண்டுவரவில்லை. நம் நாட்டில் பச்சைக் காய்ப்புழுவையும் மற்ற புழுக்களையும் தாக்கிக்கொண்டு ஏற்கெனவே இருந்ததுதான். அதிகம் மருந்தடிக்காத, ஈரம் நின்ற காடுகளில் புதுப் புழுவையும் பிடித்துக்கொண்டது. அதன் அறிவியல் பெயர் மெட்டாரைசியம் ரைலியி. முதல் தடவை அதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ரைலி! பிரெஞ்சுத் திராட்சையைக் காப்பாற்ற உதவிய அதே மிசௌரிக்காரர். அவரைக் கௌரவித்து 1880-களில் வைத்த பெயர். முசியே கரும்பலகையில் புள்ளி வைத்த அந்தக் கதையின் ஆள், அறுபது வருஷம் கழித்துக் குன்னம் பக்கத்துக் காட்டில் பச்சைப் பொடியாக வந்து நிற்கிறார்.

"அப்ப செத்த புழுவ என்ன பண்றது மாமா?" என்று கேட்டான்.

"தொடாதே. பிடுங்கி எறியாதே. அது அங்கேயே இருக்கட்டும், பக்கத்துப் புழுவுக்குப் பரவும்" என்றேன்.

இப்போது வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். எந்த நாட்டில் எந்தப் பயிரில் புதுப்பூச்சி என்று காதில் விழுந்தாலும் எழுதிவைப்பேன், விடிந்ததும் அவனைக் கூப்பிடுவேன். 2024-ல் எழுதிய வரி ஒன்று: அர்ஜென்டினா, மக்காச்சோளம், சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி. மெக்சிகோப் பக்கத்துப் பூர்வீகம். உறிஞ்சுவதால் வரும் நட்டம் கொஞ்சம்தான், கூடவே குட்டை நோயைக் கொண்டுவந்து செடிக்குள் ஏற்றுவதுதான் கொடுமை. அந்தப் பட்டத்தில் அர்ஜென்டினாவின் விளைச்சல் மதிப்பீட்டையே பல லட்சம் டன் குறைக்க வேண்டிவந்தது. நம் பக்கம் அது வரவில்லை. அது குஞ்சு பொரித்துப் பெருகுவது மக்காச்சோளத்திலும் அதன் காட்டு உறவுகளிலும்தான். வருஷம் முழுக்க எங்காவது மக்காச்சோளம் பச்சையாக நின்றால், காடு விட்டுக் காடு மாறிப் பிழைத்துக்கொள்ளும். சிந்திய மணி தானாக முளைத்து நின்றாலும் போதும்.

நம் மானாவாரி நிலத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. தை, மாசியில் அறுவடை முடிந்தால் ஆடி வரை காடு வெறுங்காடு. கோடை மழைக்கு ஓர் உழவு, அவ்வளவுதான். அதைச் சோம்பேறித்தனம் என்று அலுவலகத்தில் நாங்களே பேசியிருக்கிறோம். பனி விழும் நாடுகளில் குளிர்காலம் செய்கிற வேலையை இங்கே அந்த வெறுங்காடு செய்திருக்கிறது. பூச்சி பட்டினி கிடக்கும் மாதங்கள் அவை. இப்போது ஆழ்துளைக் கிணறு இருக்கிற இடமெல்லாம் கோடையிலும் மக்காச்சோளம் நிற்கிறது. தண்ணீர் இருப்பவரைப் போடாதே என்று சொல்ல முடியாது. எள்ளோ உளுந்தோ மாற்றிப் போடலாமே என்று சொல்லலாம்.

இந்தக் கோடையில் அக்கா மகன் நாலு ஏக்கரையும் உழுதுவிட்டுச் சும்மா போட்டிருக்கிறான். ஏருக்குப் பதில் டிராக்டர், ஆனால் பின்னால் அதே மைனாவும் கொக்கும் கூட்டுப்புழுவைப் பொறுக்கிக்கொண்டு போகின்றன. முளைத்த மக்காச்சோளத்தை அக்கா கையால் பிடுங்கி மாட்டுக்குப் போடுகிறாள். தெளிப்பான் மாட்டுக்கொட்டகைச் சுவரில் தொங்குகிறது. அதை விற்கவில்லை. இன்னொரு பூச்சி வராது என்று யாரால் சொல்ல முடியும்?